மூன்று விரல் குறைவு

காலை 6.35-க்குத்தான் படகைப் புரட்ட முடிந்தது.

இருபது பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஃபைபர் படகு ஒரு பக்கமாக எழும்பியபோது அடியில் குமாரவேல் கிடந்தான். ஒரு கால் வலையில், முகம் மணலில். எண்ணூர் கழிமுகத்து மணல்திட்டில் தண்ணீர் இடுப்பளவுதான். அந்த இடுப்பளவுத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் படகு அவனை அழுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது.

காத்திவாக்கம் குப்பத்தில் இந்த மாதிரி வேளைக்கென்றே ஒரு ஜீப் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி, ஊர் சேர்ந்து வாங்கியது. படகுகளை மணலில் ஏற்றும், திட்டில் சிக்கினால் தண்ணீரில் இறங்கி இழுத்துப் போடும். அன்று அது வரவில்லை. கூட்டம் திரும்பி வந்து பார்த்தபோது, கழிமுகத்துக்கு முந்நூறு மீட்டர் இப்பால், சவுக்கு வளைவில் பானெட்டைத் திறந்தபடி நின்றது. அடியில் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் பச்சை நிறத்தில் கொட்டியிருந்தது. ஓட்டுநர் தேசப்பன் ஒரு கிழிந்த ரப்பர் ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

"ஓஸு வெடிச்சிச்சு. தண்ணி பூரா பூட்ச்சு," என்றார்.

எட்டு நாளுக்கு முன்னால்தான் அந்த ஜீப்புக்கு ஓஸ்களையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தது. மாற்றியவன் தண்டையார்பேட்டை மெக்கானிக் மொஹ்சின். ஒன்பது மணிக்குள் அவனைக் கொண்டுவந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

காலை 11.10.

சப்-இன்ஸ்பெக்டர் நர்மதா படியேறும்போதே கால் வலித்தது. இருபத்திரண்டு வருடம் பூட்ஸ் போட்ட கால். உள்ளே இன்ஸ்பெக்டர் கோப்பை நீட்டினார்.

"நேரான கேஸும்மா. புதுசுன்னு சொல்லிட்டுப் பழசை மாட்டியிருக்கான். ஒரு உயிர் போயிருக்கு. குப்பம் கொதிக்குது. அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அப்புறம் புழல் ஜெயில். வாக்குமூலத்தை மட்டும் ஒழுங்கா வாங்கிடுங்க."

பெஞ்சில் இருந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். காலையில் வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"என்னென்ன மாத்தினீங்க?"

"மேல் ஓஸு, கீழ் ஓஸு, பைபாஸு. அல்லாம் புதுசு மேடம். கூலன்ட் ஊத்தி அர மணி நேரம் ஸ்டார்ட்லயே வுட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு லீக்கு இல்ல."

"பழைய ஓஸெல்லாம் எங்க?"

"பழச நான் தூக்கிப் போடமாட்டேன் மேடம். அதுக்கும் வேலை கீது. இந்த வண்டி மணல்ல பூந்து உப்புத் தண்ணில எறங்குற வண்டி. சும்மா ஓஸ மாட்டி அனுப்ச்சா ரெண்டு மாசம் தாங்காது, பிராக்கெட்ல தேஞ்சி..."

இன்ஸ்பெக்டர் உள்ளிருந்து கூப்பிட்டார். அவள் போய்த் திரும்பி வந்தபோது மொஹ்சினின் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது. தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதையோ முறுக்குவதுபோலத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மேடம், கீழ் ஓஸப் புடிக்கிற கிளிப்ப கடசியா ஒரு தபா முறுக்கினேனான்னு யோசிச்சிகினே கீறேன். முறுக்கினேன்னுதான் தோணுது. அன்னிக்கி நாலு வண்டி. யாபகம் வர்ல. ஒருவேள நான்தானோ."

வாசலில் நின்ற அவன் மனைவி ஜெரினா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "வூட்டப் பூட்டிட்டு மூணு தபா இழுத்துப் பாக்குற ஆளு மேடம் இது. தெருமுனைக்குப் போயி மறுபடி வந்து இழுத்துப் பாக்கும். இதுவா கிளிப்ப வுட்டுட்டு வரும்?"

"நீ சும்மா கெட," என்றான் மொஹ்சின். குரலில் கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது.

நர்மதாவுக்கு அந்தக் களைப்பைத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் இந்த மனிதன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். அடிக்கவே வேண்டாம்.

அவள் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஓஸை எடுத்தாள். கறுப்பு ரப்பர், வெளியெல்லாம் நுண்ணிய வெடிப்பு, சந்தேகமில்லாமல் பழசு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளவாக்கில் ஒரே கிழிசல். முனைகள் இரண்டும் சதுரமாக, வழுவழுவென்று இருந்தன. மேல்பக்கத்தில் மெல்லிய நூல் அழுத்தியதுபோல நாலைந்து இடத்தில் குறுக்குக் கோடுகள். அவள் அதை மறுபடி உறையில் போட்டுக் கையிலேயே எடுத்துக்கொண்டாள்.

"வாக்குமூலம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இடத்தைப் பார்த்துட்டு வந்துடறேன் சார்."

பகல் 12.40.

சவுக்கு வளைவில் காவலர் கீர்த்தி ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஜீப் அங்கேயே இருந்தது. யாரும் தொடக்கூடாதென்று கயிறு கட்டியிருந்தது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து வருகிற சாம்பல் இங்கே எல்லாவற்றின் மேலும் படியும். துவைத்துப் போட்ட துணிமேல், இட்லித் தட்டின் மேல். பானெட்டின் உட்புறத்தைத் தூக்கிப் பிடித்த நர்மதாவின் உள்ளங்கை சாம்பல் நிறமானது. மின்விசிறியின் கூண்டு, பேட்டரி மூடி, எஞ்சினின் தலை எல்லாமே மாவு சலித்துத் தூவினதுபோல ஒரே சீராகப் படிந்து கிடந்தது.

கீர்த்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மேல இருக்கிற ஓஸுக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கான் பாருங்க மேடம்."

உண்மைதான். மேல் ஓஸைச் சுற்றி இன்னொரு பழைய ரப்பர் போர்த்தி, வலைநூலால் நாலைந்து இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. கீழே ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு பக்கமும் குழாய் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் மணலில் முறத்தளவு பச்சைக் கறை. வந்த வழியெல்லாம் குனிந்து பார்த்தாள். வேறெங்கும் ஒரு துளி இல்லை.

தேசப்பன் வந்தார். ஐம்பத்தைந்து வயது, அகன்ற தோள். கடலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது, முட்டி வலி என்று ஊரில் சொன்னார்கள். அதிலிருந்து ஜீப்தான்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"போன் வந்தவொடனே. அஞ்சு அம்பத்திரண்டு இருக்கும்."

"வண்டி எங்க நிக்கும்?"

"எங்க வூட்டாண்ட கொட்டாய்ல. இங்கேர்ந்து ரெண்டு நிமிசம்."

"இங்க வந்ததும்?"

"படார்னு சத்தம். பொகை. கொதிக்குற தண்ணி அப்டியே பீய்ச்சிச்சு. எறங்கி, பானெட்ட தொறந்து, ஓஸ கழட்டினேன். பழைய ஓஸு மேடம். அந்தத் துலுக்கப் பையன் புதுசுன்னு சொல்லி ஊர ஏமாத்திட்டான். நம்ம கொமாரு போயிட்டான்."

"அவன் பேரு மொஹ்சின்," என்றாள் நர்மதா. "உடனே கழட்டினீங்களா?"

"உடனேதான். சரி பண்ணிரலாம்னு."

அவர் வண்டிக்கடியில் குந்தி உட்கார்ந்து இடத்தைக் காட்டினார். சுலபமாக எழுந்தார். காலையில் ஓஸைக் கழற்றிய அந்தக் கைகளை அவள் பார்த்தாள். காய்ப்பு ஏறிய, பழைய தூண்டில் தழும்புகள் நிறைந்த, நல்ல கைகள்.

பகல் 1.50.

குமாரவேலின் வீட்டு முன்னால் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அவன் மனைவி மங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நர்மதா பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததும் ஒருத்தி நாற்காலி கொண்டு வந்தாள். வேண்டாமென்று கை காட்டினாள்.

"மீன எடுக்கக் கரையாண்ட நின்னுகினு இருந்தேன்," என்றாள் மங்கை. "கண்ணு முன்னாடி கவுந்துச்சு. தேசப்பண்ணாவுக்கு அடிச்சேன். வந்துகினே கீறேன் மங்கைன்னாரு. போன்லயே வண்டி ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் ஏழு தபா அடிச்சேன். ரிங்கு போச்சு. எடுக்கல. ஓஸு வெடிச்சா போனுமா வெடிக்கும்?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவர குத்தஞ் சொல்லல. அவருக்கு எம் புருசன் மேல உசுரு. மூணு வருசத்துக்கு முன்ன அவரு படகு இதே திட்டுல கவுந்துச்சு. உள்ள பூந்து தூக்கினு வந்ததே எம் புருசன்தான். அந்த மெக்கானிக்க மட்டும் வுட்றாதீங்க மேடம்."

ஏழு தடவை. நர்மதா எழுந்து வெளியே வந்தாள். வெயில் கண்ணில் அடித்தது.

ஒலிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்காமல் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் ஒரு தேர்தல் பந்தோபஸ்தில், அம்மா கிடந்த ஆஸ்பத்திரி வார்டிலிருந்து தம்பி மூன்று தடவை அழைத்தான். என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் எடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். தம்பி நம்பினான். பொய்க்கு ஒரு பொருள் தேவைப்படுகிறது. அவளுக்கு பேட்டரி கிடைத்தது.

இவருக்கு என்ன கிடைத்தது?

அவள் உறையிலிருந்த ஓஸை மறுபடி வெளியே எடுத்தாள். வழுவழுவென்ற முனையை விரலால் தடவினாள். பிறகு கீர்த்தியிடம், "தேசப்பனை வண்டிக்கிட்ட வரச் சொல்லு. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு," என்றாள்.

பிற்பகல் 2.45.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"நீங்க வரவேண்டாம்மா. அவனே கையெழுத்துப் போட்டுட்டான். 'கிளிப்பைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கலாம், என் தவறாக இருக்கலாம்'னு அவன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கான்."

"அஞ்சு மணி வரைக்கும் அதை அனுப்பாதீங்க சார்."

"ஏன்?"

"வந்து சொல்றேன்."

வளைவில் தேசப்பனும் கீர்த்தியும் நின்றிருந்தார்கள். நர்மதா ஓஸை அவரிடம் கொடுத்தாள்.

"இதை இருந்த இடத்துல திரும்ப வெச்சுக் காட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"எழுதறதுக்கு வேணும்."

அவர் குனிந்தார். ஓஸின் ஒரு முனையை ரேடியேட்டர் மூக்கில் சொருகினார். மறு முனையை எஞ்சின் பக்கம் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். நின்றார்.

நர்மதா இடைவெளியில் கையை வைத்தாள். மூன்று விரல் புகுந்தது.

"சூட்டுல சுருங்கிச்சு போல," என்றார் தேசப்பன்.

"முனை சுருங்கின மாதிரி இல்லை. கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. ரெண்டு முனையும். நடுவுல இந்தக் கிழிசலும் அப்படித்தான். வெடிச்ச ரப்பர் ஒரு இடத்துல உப்பி, பிஞ்சு, ஓரம் நாராத் தொங்கும். இது கோடு போட்டாப்ல நேரா போகுது. வருசக்கணக்கா கிளிப் பிடிச்சிருந்த ஓஸுன்னா முனையில மோதிரம் மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். இதுல கிளிப் தடமே இல்ல, நூல் தடம்தான் இருக்கு."

கீர்த்தி நோட்டைத் திறந்தாள்.

"மேல் ஓஸைப் பாருங்க. மொஹ்சின் வேலை செய்யற விதம் அது. கழட்டின பழைய ஓஸை எறியமாட்டான். கிளிப் பிடிச்சு நஞ்சுபோன முனை ரெண்டையும் வெட்டிட்டு, நீளமாக் கீறி, புது ஓஸுக்கு மேல போர்த்திக் கட்டுவான். மணலும் உப்பும் தேய்ச்சா அதைத் தேய்க்கட்டும்னு. உங்க கையில இருக்கறது கீழ் ஓஸோட போர்வை. அதுக்குள்ள ஒரு நாளும் தண்ணி ஓடல. உள்ள ஓடின புது ஓஸு எங்க?"

"மேடம், கொதிச்ச தண்ணி..."

"எதுவும் கொதிக்கல. காலையில சூடேறாத எஞ்சின், ரெண்டு நிமிச ஓட்டம். கை வெச்சாக்கூட சுடாது. கொதிச்சு வெடிச்சிருந்தா ஃபேன் அதை வாரி பானெட் பூரா அடிச்சிருக்கும். இந்தச் சாம்பல்ல ஒரு துளி விழுந்த தடம் காட்டுங்க பாக்கலாம். உங்க கையைக் காட்டுங்க. கொதிக்கற ஓஸை உடனே கழட்டின கையில ஒரு கொப்புளம் இல்ல."

காற்று சவுக்கில் நுழைந்து போனது. கழிமுகத்தில் யாரோ உடைந்த படகைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதட்டல் இங்கே வரை கேட்டது. காலையிலும் கேட்டிருக்கும்.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் நர்மதா. "நீங்கதான் நிறுத்தினீங்க."

தேசப்பன் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"வளைவு திரும்பினா தண்ணி தெரியும். அது வரைக்கும் வந்துட்டேன். தெரிஞ்சிச்சு. காலு பிரேக்குல குந்திகிச்சு. எடுக்கமாட்டேங்குது. நானே என் கால கையால தூக்கிப் பார்த்தேன் மேடம்."

"முட்டி வலி இல்லையா?"

"முட்டில ஒண்ணும் இல்ல. அன்னிக்கி அந்தப் படகுக்கடியில இருட்டா இருந்துச்சு. வாயில மண்ணு. அதுலேர்ந்து கடலப் பார்த்தா மூச்சு முட்டும். ஊருல சொன்னா சிரிப்பானுங்க. கரைல மட்டும் வண்டி ஓட்டிகினு காலத்த தள்ளிடலாம்னு பார்த்தேன். திட்டுக்குள்ள எறங்குற வேலை இந்த மூணு வருசத்துல வர்ல. இன்னிக்கி வந்துச்சு. அதுவும் அவனுக்கு."

"போன்?"

"அடிச்சிகினே இருந்துச்சு. ஒவ்வொரு தபாவும் இப்போ எடுத்துருவேன்னு நெனச்சேன். அங்க கத்தறது நின்னதும் தெரிஞ்சிபோச்சு. அப்பறம் இன்னா சொல்றது? புது ஓஸ வெடிச்ச மாதிரி கிழிக்கப் பார்த்தேன், கிழியல, ரப்பருக்குள்ள நூலு வெச்சி கெட்டியா கீது. மேல சுத்தினது ஏற்கெனவே கிழிஞ்சி கெடந்துச்சு. பழசா வேற இருந்துச்சா, நம்புவாங்கன்னு." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பையன நெனச்சே பாக்கல மேடம். ஓஸத்தான் நெனச்சேன்."

இதை அவள் நம்பினாள். தம்பியிடம் சார்ஜ் தீர்ந்ததைச் சொன்னபோது அவளும் பேட்டரியை மட்டும்தான் நினைத்தாள். வித்தியாசம் என்னவென்றால் பேட்டரியை யாரும் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை.

"எங்க இருக்கு?"

அவர் மூன்றாவது சவுக்கு மரத்தைக் காட்டினார். கீர்த்தி கையாலேயே மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் ஓஸ் வந்தது. புதுசு, இன்னும் பளபளப்புப் போகவில்லை. கூடவே இரண்டு கிளிப்பும், அறுத்த வலைநூல் துண்டுகளும்.

"மங்கைக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார் தேசப்பன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் குப்பத்துப் பக்கம் பார்த்தார். பந்தலுக்குமேல் கீற்று ஏறிவிட்டது. இங்கிருந்தே தெரிந்தது.

"நானே சொல்றேன். நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க."

அவர் முன்னால் நடந்தார். அவள் பத்தடி விட்டு நடந்தாள். அவர் குனிந்து ஏதோ சொன்னதும் மங்கை அவரை அடிக்கவில்லை, கத்தவில்லை. "ஏழு தபா அடிச்சேனேண்ணா," என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாலை 4.35.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புது ஓஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய்த் தடயம் உண்டாக்கியதற்கு ஒரு பிரிவு உண்டு, அதை எழுதச் சொன்னார். வராமல் நின்றதற்கு என்ன எழுதுவது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மொஹ்சின் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். நர்மதா அதை நாலாகக் கிழித்தாள்.

பெஞ்சில் அவன் அதே இடத்தில் இருந்தான். பக்கத்தில் ஜெரினா, மடியில் திறக்காத டிபன் டப்பா.

"நீங்க போகலாம்," என்றாள் நர்மதா. நடந்ததைச் சொன்னாள்.

ஜெரினா உடனே எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். அவன் எழுந்திருக்கவில்லை. கேட்டதா என்றே தெரியவில்லை. விரல்கள் இன்னும் எதையோ திருகிக்கொண்டிருந்தன.

"வாய்யா. இன்னும் இன்னா?" என்றாள் ஜெரினா.

"மேடம்," என்றான் அவன். "கீழ் கிளிப்பு. அது டைட்டா இருந்துச்சாமா?"

"இருந்துச்சு. அதைக் கழட்டறதுக்குள்ள ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு தடவை வழுக்கிடுச்சுன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு."

மொஹ்சின் தன் கையைக் குனிந்து பார்த்தான். விரல்கள் நின்றன. பிறகு மனைவியின் மடியிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து, அங்கேயே உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தான்.